கரிமண்ணில் ஒரு கால்பந்தாட்டம்

பிரெஞ்சு நாட்டின் முதல்தரக் கால்பந்து லீகில் ஒரு பருவத்துக்கு நடைபெறும் 306 ஆட்டங்களுள் நம்மவர் பார்வைக்கு வருபவை பெரும்பாலும் பாரிஸ் நகரத்துச் சங்கம் ஆடும் ஆட்டங்களே. அச்சங்கத்தின் சட்டையை அணிந்த உலகப் பிரசித்தி பெற்ற வீரர் சிலருக்காகவே அந்த லீகைப் பார்க்கத் தொடங்கி, அவர்கள் வேறு தேசத்துக்குப் போனதும் பார்ப்பதையே விட்டுவிட்ட நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பாரிஸுக்கு வடக்கே ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தொலைவில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய பிரதேசத்தில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய லான்ஸ், லீல் என்னும் இரண்டு ஊர்களின் சங்கங்கள் பருவத்துக்கு இருமுறை, லான்ஸில் ஒரு முறையும் லீலில் ஒரு முறையுமாகச் சந்தித்துக்கொள்ளும் ஆட்டம் ஒன்று உண்டு. 'வடபுலத்து டெர்பி' என்று அந்நாட்டார் அழைக்கும் அந்த ஆட்டம் அடுத்த முறை லான்ஸ் நகரத்தில் நடைபெறுவதற்கு முன்பாக, அதைப் பார்க்க நினைப்பவர்களிடம் சில விஷயங்களைச் சொல்லி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆட்டத்துக்கு முந்திய நாள் வெளியாகும் முன்னோட்டக் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறவன் நான். அவற்றின் உருவம் ஏறக்குறைய ஒரே வார்ப்பாகிவிட்டது. கடைசி ஐந்து ஆட்டங்களில் எந்த அணி எத்தனை வென்றது, யாருக்குத் தொடைத்தசையில் காயம், யார் சிவப்பு அட்டை பெற்று வெளியே உட்கார்ந்திருக்கிறார், நடுக்களத்தில் எத்தனை பேர் நிறுத்தப்படுவர், முடிவில் கோல் கணக்கு என்னவாக இருக்கும் என்பவற்றைச் சொல்லியதும் அவை முற்றுப்பெறுகின்றன. இச்செய்திகள் வேண்டாதவை அல்ல. நானும் அவற்றைத் தேடிப் படிப்பவனே. ஆயினும், 2010-ஆம் ஆண்டில் பிரான்சு தேசம் இணையவழிப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கிய காலத்துக்குப் பின், ஆட்டத்தைப் பார்க்கப் போகிறவனுக்காக எழுதப்படும் முன்னோட்டம் குறைந்து, ஆட்டத்தின்மீது பணம் கட்டப் போகிறவனுக்காக எழுதப்படும் முன்னோட்டம் பெருகிவிட்டதைக் கண்கூடாகக் காண்கிறேன். பணம் கட்டுகிறவனுக்கு ஊர் வேண்டியதில்லை, விகிதம் ஒன்றே போதும். லான்ஸ் என்பது மலையா மடுவா என்று அறியாமலே லான்ஸ் வெல்லும் என்று அவன் அடித்துச் சொல்லிவிடுவான். என்னுடைய வாதமோ இதற்கு நேர்மாறானது. ஊரைச் சொல்லாமல் இந்த ஆட்டத்தைப் பற்றி முன்கூட்டி எதையுமே சொல்ல முடியாது.

ஆகவே ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

லான்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்து திரும்பிப் பார்க்கிறவன், அந்தக் கட்டடமே ஒரு நீராவி எஞ்சின் வடிவில் கட்டப்பட்டிருப்பதைக் காண்பான். உள்ளே சுவரில், சுரங்கத் தொழிலாளரின் வாழ்க்கையைக் காட்டும் மொசைக் சித்திரங்கள் இருக்கின்றன. அங்கிருந்து மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆட்ட நாளில் அவ்வழி நெடுகிலும், சிவப்பும் மஞ்சளுமாகிய கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்ட ஜனங்கள், தாத்தாவும் பேரனுமாக, தாயும் மகளுமாக, வண்டிக்கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவலைக் கையில் ஏந்திக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்து செல்வார்கள். ஊரில் வாழும் ஜனத்தொகை சுமார் 32,000. பொலார்-தெலெலிஸ் என்னும் அந்த அரங்கத்தில் உட்காரக்கூடியவர்களோ சுமார் 38,000 பேர். ஊரே எழுந்து வந்து உட்கார்ந்தாலும் அரங்கம் நிரம்பாது என்றால், அது நிரம்புவதற்குச் சுற்றுவட்டத்துக் கிராமங்களும் சிற்றூர்களும் வந்தாக வேண்டும் என்பது பெறப்படும். அவை வருகின்றன. அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிப்போன துர்க்காலத்திலும் அவை வந்தன.

ஊரின் ஓரத்தில் லூஸ்-ஆன்-கோஏல் என்ற இடத்தில் கூம்பு வடிவமான இரண்டு கரிய குன்றுகள் நெடுந்தூரத்துக்குத் தெரியும்படி நிற்கின்றன. அவை இயற்கை தந்த மலைகள் அல்ல. பூமிக்கு அடியிலிருந்து நிலக்கரியோடு வெளிவந்த கல்லையும் மண்ணையும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிக் கொட்டி மனிதன் எழுப்பியவை. சமதரையான அந்தத் தேசத்தில் அவைதாம் உயரமானவை. இப்போது அவற்றின் சரிவுகளில் புல்லும் மரமும் முளைத்துவிட்டன. 2012-ஆம் ஆண்டில் அந்தச் சுரங்கப் பிரதேசத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், மூடப்பட்ட சுரங்கம் ஒன்றின் நிலத்தில், பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கிளை ஒன்றும் திறக்கப்பட்டது. அரங்கத்திலிருந்து அது காலால் நடந்து போகும் தூரமே.

லான்ஸ் சங்கம் தோன்றியது 1906-ஆம் ஆண்டில். அந்த ஆண்டை அவ்வூரார் வேறொரு காரணத்துக்காகவும் மறந்தாரில்லை. மார்ச் மாதம் பத்தாம் தேதி காலையில், பக்கத்துக் கூரியேர் சுரங்கத்தில் கரித்தூள் தீப்பற்றி வெடித்து, ஊர்களின் அடியில் நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடிய சுரங்கவழிகளில் நெருப்பு பாய்ந்து, 1,099 பேரை மாய்த்தது. அவர்களுள் பலர் இன்று நாம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற வயதுப் பிள்ளைகள். தேடுவதை நிறுத்தியாயிற்று என்று குடும்பங்கள் நம்பிக்கை இழந்திருந்த நிலையில், இருபது நாள்கள் கழித்துப் பதின்மூன்று பேர் இருளிலிருந்து தாமாகவே நடந்து வெளியே வந்தனர். அந்தத் துக்கத்தின் ஈரம் காயாத அதே ஆண்டில்தான் லான்ஸ் நகரத்து இளைஞர் சிலர் ஒரு பந்தைச் சுற்றிக் கூடினார்கள். தொடக்கத்தில் அவர்களுடைய வர்ணங்கள் பச்சையும் கறுப்பும். பச்சை அவர்கள் விளையாடிய சதுக்கத்தின் பெயரால் வந்தது, கறுப்பு கரியால் வந்தது. 'குருதியும் பொன்னும்' என்று இன்று அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சிவப்பும் மஞ்சளும் பிற்பாடு வந்தவை.

முதல் உலக யுத்தத்தில் நான்காண்டுக் காலம் ஜெர்மானியர் பிடியில் இருந்த லான்ஸ், யுத்தம் முடிந்தபோது கல்லின்மேல் கல் இல்லாதபடி தரைமட்டமாகியிருந்தது. நம் நாட்டவரும் அந்த மண்ணை அறியாதவர் அல்லர். லான்ஸுக்கு வடக்கே, ஒரு மணி நேரப் பயணத்துக்கும் குறைவான தொலைவில் நெவ்-ஷாப்பேல் என்ற கிராமம் இருக்கிறது. 1915-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்தியத் துருப்புகள் அங்கே போரிட்டன. கல்லறை இன்னதென்று தெரியாமல் மடிந்த 4,700-க்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் அங்குள்ள நினைவு மண்டபத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. டெர்பி பார்க்கப் பிரயாணப்படும் நம்மவர் யாராவது இருந்தால், அரை நாள் முன்னதாகக் கிளம்பி அந்த மண்டபத்துக்கும் ஒரு முறை போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

பாழ்பட்ட ஊரையும் சுரங்கத்தையும் மீண்டும் எழுப்ப ஆள் போதாமையால், போலந்து தேசத்திலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். 'கோரோன்' என்று அங்கே சொல்லப்படும், ஒரே மாதிரியான செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் சுரங்கக் குடியிருப்புகளில் அவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பகலில் பூமிக்கு அடியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் புல்லின்மீதும் உழைத்தார்கள். சுரங்கக் கம்பெனியின் வியாபார நிர்வாகியாக இருந்த ஃபெலிக்ஸ் பொலார் என்பவரின் முயற்சியால், 1930-களின் தொடக்கத்தில், வேலை இழந்திருந்த சுரங்கத் தொழிலாளர்களின் கைகளைக் கொண்டே அரங்கம் கட்டப்பட்டது. கம்பெனி சங்கத்தை ஆதரித்தது தர்ம சிந்தையால் மாத்திரம் என்று சொல்ல மாட்டேன்; தொழிலாளியின் ஓய்வு நேரமும் தன் கண்பார்வைக்குள்ளேயே இருக்கட்டும் என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் ஜனங்கள் அந்த அரங்கத்தைத் தமதாக்கிக்கொண்டுவிட்டார்கள். போலந்துக் குடும்பத்துப் பிள்ளையான ஸ்தெஃபான் தெம்பிக்கி என்பவர் 1942-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கோப்பை ஆட்டம் ஒன்றில் லான்ஸுக்காகத் தாம் ஒருவராகவே பதினாறு கோல்கள் போட்டார். பக்கத்து ஊராகிய நேர்-லெ-மீனில் பிறந்து, சுரங்க வேலையில் கைவிரல் இழந்து, பின்னர் 1958-ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப்பந்தைப் பெற்ற ரேமோன் கோப்பாவும் அந்தக் கரிமண்ணின் பிள்ளையே. லான்ஸ் சங்கத்துக்கு அவர் ஆடியதில்லை என்பது அவ்வூராருக்கு இன்றும் ஒரு மனக்குறையாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

லீல் வேறு விதமான ஊர். அது வியாபாரிகளும் நெசவாலை முதலாளிகளும் வளர்த்த பெருநகரம். சர்வகலாசாலைகளும் அரசாங்க அலுவலகங்களும் நிறைந்த பிரதேசத் தலைநகரம். பாரிஸுக்கும் லண்டனுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் போகும் அதிவேக ரயில்கள் சந்திக்கும் இடம். சுரங்கப் பிரதேசத்தின் தொழிலாளி கரியை வெட்டினான் என்றால், அதை விற்றுக் கணக்கெழுதியவர்களின் மாளிகைகள் லீலில் இருந்தன என்று சுருக்கமாகச் சொல்லலாம். அதற்காக லீல் சங்கத்தின் அபிமானிகளைச் சீமான்கள் என்று எண்ணிவிடுவது பெரும் பிழை; நூலாலையிலும் இரும்பாலையிலும் உழைத்த குடும்பங்களின் சந்ததியே அங்கும் அரங்கை நிரப்புகிறது. ஒலிம்பிக் லீல்வா என்னும் பழைய சங்கம், 1932-33-இல் பிரான்சில் தொழில்முறை லீக் முதன்முதலாக நடந்தபோதே பட்டம் வென்றது. 1944-ஆம் ஆண்டில் அது ஃபீவ் என்னும் புறநகர்ச் சங்கத்தோடு இணைந்து இன்றைய லீல் சங்கம் ஆயிற்று. இணைந்த பின் 1946, 1954, 2011, 2021 ஆகிய ஆண்டுகளில் அது பட்டம் பெற்றிருக்கிறது. மிதரான் ஜனாதிபதியாக இருந்தபோது பிரதம மந்திரியாயிருந்தவரும் நெடுங்காலம் லீலின் மேயராக விளங்கியவருமான பியேர் மொருவாவின் பெயரைத் தாங்கிய, கூரை திறந்து மூடும் ஐம்பதினாயிரம் இருக்கை அரங்கம் அதற்கு உண்டு.

இந்த இரண்டு சங்கங்களின் சரித்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கிணற்று ராட்டினத்தின் இரண்டு வாளிகள் போல, ஒன்று மேலே வரும்போது மற்றொன்று கீழே போயிருப்பதைக் காணலாம். 1998-ஆம் ஆண்டு மே மாதத்தில், கடைசி நாள் ஆட்டத்தில் ஓசேர் நகரத்தில் ஒன்றுக்கு ஒன்று என்று சமன்செய்து, மெட்ஸ் சங்கத்தோடு புள்ளிகளில் சமமாக நின்று, கோல் வித்தியாசத்தால் லான்ஸ் தன் ஒரே பட்டத்தை வென்றது. அன்று சமன்செய்யும் கோலைப் போட்டவர் லாஷோர் என்னும் அந்தப் பிரதேசத்து இளைஞர். அப்போது லீல் இரண்டாம் பிரிவில் கிடந்தது. 2011-ஆம் ஆண்டில் ஏடன் ஹஸார் என்னும் இளம் பெல்ஜியரின் கால்வன்மையால் லீக் பட்டத்தையும் பிரெஞ்சுக் கோப்பையையும் லீல் ஒருங்கே தட்டிச் சென்றபோது, லான்ஸ் அதே பருவத்தில் முதல் பிரிவிலிருந்து இறங்கியது. வெற்றியும் கண்ணீரும் ஒரே வாரத்தில் நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த அந்த மே மாதத்தை நினைத்துப் பார்க்கும்போது, இரண்டு ஊராரும் ஒருவரை ஒருவர் ஏன் அத்தனை கூர்ந்து கவனிக்கிறார்கள் என்பது விளங்கும்.

போட்டி மனப்பான்மை சில வேளைகளில் எல்லை மீறியதும் உண்டு; அதை மறைத்து எழுதுவது நேர்மை ஆகாது. 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி, லான்ஸ் அரங்கில் நடந்த டெர்பியின் இடைவேளையில், இருதரப்பு ரசிகர்களுக்குள் தொடங்கிய எறிதல் முற்றி, சிலர் ஆடுகளத்துக்குள்ளேயே புகுந்துவிட்டதால், இரண்டாம் பாதி நேரம் தவறியே தொடங்கியது. அந்த ஆட்டத்தில் லான்ஸ் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றது. ஆனால் அந்த வெற்றியை வாய்விட்டுக் கொண்டாட அபிமானிகளுக்குக் கூசியிருக்கும். இத்தகைய சம்பவங்களைக் காரணம் காட்டி, எதிரூர் ரசிகர்கள் வரவே கூடாது என்று அதிகாரிகள் தடை விதிக்கும் வழக்கம் பிரான்சில் பெருகி வருகிறது. கல்லெறிந்தவனைப் பிடித்துத் தண்டியுங்கள். அவனோடு சேர்த்து, மகனைக் கைப்பிடித்துக்கொண்டு ரயிலேற நின்ற தகப்பனையும் ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள் என்பதே என் கேள்வி. இரண்டு ஊர்கள் பேசிக்கொள்ளும் ஆட்டத்தில் ஓர் ஊரின் வாயைக் கட்டிவிட்டால் பிறகு அது டெர்பி அன்று.

மேலும், பகை என்று நாம் பெயரிட்டழைக்கும் இந்த உறவு அவ்வளவு எளிதானதும் அன்று. 2018-ஆம் ஆண்டில் உலகக் கோப்பையை வென்ற பிரெஞ்சு அணியின் தடுப்பாட்டத் தூணாகிய ரஃபாயேல் வரான் லீல் நகரத்தில் பிறந்தவர். ஆட்டம் பயின்றதும் தொழில்முறை வீரராக முதன்முதலில் களம் இறங்கியதும் லான்ஸில். பதினெட்டு வயதில் அவர் அங்கிருந்து ரியல் மாட்ரிட் சங்கத்துக்குப் போனார். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே ஓர் ஆட்டம் நடந்தால் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கல்யாணமான பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது ஆட்டக்காரர்களைப் பற்றி. அடுத்த டெர்பியில் இன்னின்னார் ஆடுவர் என்று பட்டியல் எழுத நான் முற்படாததற்குக் காரணம் உண்டு. பாரிஸ் நீங்கலாக, பிரெஞ்சுச் சங்கங்களில் பெரும்பாலானவை இளைஞர்களை வாங்கி, வளர்த்து, பெரிய தேசத்துச் சங்கங்களுக்கு விற்று, அந்த வரவில்தான் காலம் தள்ளுகின்றன. தொலைக்காட்சி வருமானம் அவர்களைக் கைவிட்டுவிட்டது. 2020-இல் ஆண்டுக்கு எண்ணூறு மில்லியன் யூரோவுக்கு மேல் தருவதாக வாக்களித்த நிறுவனம் சில மாதங்களுக்குள் பணம் கட்டாமல் கைவிரித்தது. பின்னர் வந்த மற்றொன்று ஒரே பருவத்தோடு விலகிப்போனது. 2025-ஆம் ஆண்டில் லீக் தானே ஒரு சேனலைத் தொடங்கி ஒளிபரப்ப வேண்டிய நிலை வந்தது. ஆகவே விற்பனை நிற்காது. லீலிலிருந்து பெப்பே, ஒசிமென், லெனி யோரோ ஆகியோரும், லான்ஸிலிருந்து ஓபெண்டா, ஃபொஃபானா, உஸ்பெக் நாட்டுக் குசானோவ் ஆகியோரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். 2021-இல் பாரிஸை ஒரே ஒரு புள்ளியால் முந்திப் பட்டம் வென்ற லீல் அணியின் பயிற்சியாளரும் கோல்காப்பாளரும் அடுத்த பருவத்துக்கு அங்கே இல்லை. பெயர்ப்பட்டியலை மட்டும் நம்பி எழுதிய முன்னோட்டம் ஆறு மாதத்தில் செல்லாக்காசாகிவிடும்.

மண் மாத்திரம் மாறுவதில்லை. அதற்கு என்னிடம் ஒரு சாட்சி உண்டு. 2014-15-ஆம் பருவத்தில், ஐரோப்பியக் கோப்பைக்காக அரங்கத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்ததால், லான்ஸ் சங்கம் தன் சொந்த ஊர் ஆட்டங்களை அமியான் முதலிய வெளியூர்களில் ஆட நேர்ந்தது. பங்குதாரர் தருவதாகச் சொன்ன பணம் வந்து சேராமல், புதிய வீரர்களை வாங்கவும் வழியில்லாமல் தவித்த பருவமும் அதுவே என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், தன் வீட்டை விட்டு வாடகை வீட்டில் குடியிருந்த அந்த ஆண்டில் அந்த அணி இருபது சங்கங்களில் இருபதாவதாக முடித்து மறுபடியும் கீழே இறங்கியதை, வெறும் பணக் கணக்கால் மாத்திரம் என்னால் விளக்கிக்கொள்ள முடியவில்லை. அதன்பின் 2020-இல் மேலே ஏறி வந்த லான்ஸ், ஃபிராங்க் ஏஸ் என்னும் பயிற்சியாளரின் கீழ், 2022-23-இல் 84 புள்ளிகள் சேர்த்து, 85 புள்ளிகள் பெற்ற பாரிஸுக்கு அடுத்ததாக நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத சாம்பியன்ஸ் லீகில் நுழைந்து, அடுத்த பருவத்தின் அக்டோபரில் சொந்த மண்ணில் ஆர்சனலையும் இரண்டுக்கு ஒன்று என்று வென்றது.

பாரிஸுக்கு அடுத்ததாக நின்ற அந்த 2022-23-ஆம் பருவத்தின் ஓர் இரவு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 2023-ஆம் ஆண்டின் முதல் நாள். நம் கடிகாரத்தின்படி மறுநாள் அதிகாலை ஒன்றேகால் மணி. வீட்டார் எல்லோரும் உறங்கிய பிறகு, சத்தத்தை மிகவும் குறைத்து வைத்துக்கொண்டு, அது வரை அந்தப் பருவத்தில் தோல்வியே அறியாத பாரிஸ் அணி லான்ஸில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஸ்ஸியும் நெய்மாரும் அன்று இல்லை, எம்பாப்பே இருந்தார். ஐந்தாம் நிமிஷத்தில் ஃபிராங்கோவ்ஸ்கி என்னும் போலந்து தேசத்து வீரர் லான்ஸுக்கு முதல் கோலைப் போட்டார். போலந்துத் தொழிலாளரின் உதிரம் ஊறிய ஊரில் அது ஒரு போலந்துக்காரரின் காலிலிருந்து வந்ததை எண்ணி அந்த இருட்டில் நான் தனியே மகிழ்ந்தேன். அதிலிருந்து மூன்றாம் நிமிஷத்திலேயே பாரிஸ் அதைச் சமன்செய்தது. ஓபெண்டா மறுபடியும் லான்ஸை முன்னே கொண்டுவந்தார். இடைவேளை முடிந்து இரண்டாம் பாதி தொடங்கி இரண்டு நிமிஷம் ஆவதற்குள் க்ளோத்-மொரீஸ் மூன்றாம் கோலைப் போட்டார். மூன்றுக்கு ஒன்று. அந்த மூன்றாம் கோல் ஏன் அந்த நேரத்தில் விழுந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி, ஆட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். லான்ஸ் அணி எந்தப் பயிற்சியாளரின் கீழ் ஆடினாலும், அதன் நெஞ்சுக்கு உகந்த ஆட்டம் முதல் பதினைந்து நிமிஷத்துக்குள் எதிரியை மூச்சுவிட முடியாமல் நெருக்குவதே. பந்து எதிரியின் காலில் இருக்கும்போது எத்தனை பேர் ஓடிவந்து சூழ்கிறார்கள், இரண்டு ஓரங்களிலும் ஓடுகிறவர்கள் எவ்வளவு துணிவாக மேலே போகிறார்கள் என்று பாருங்கள். லீல் அணி பொதுவாகப் பந்தைப் பொறுமையோடு வைத்துக்கொண்டு, எதிரியை ஓடவிட்டுக் களைக்கச் செய்து, இடம் திறக்கும்போது பாயும் சுபாவமுடையது; 2024 அக்டோபரில் ரியல் மாட்ரிட் சங்கத்தையே ஒரு பெனால்டி கோலால் அது வீழ்த்தியதும் அந்தப் பொறுமையால்தான். முதல் கால்மணி நேரத்துக்குள் லான்ஸ் கோல் போட்டுவிட்டால் அந்த அரங்கத்தில் அதைத் திருப்புவது மிகக் கடினம். அரை மணி நேரம் லீல் தாக்குப்பிடித்துவிட்டால் ஆட்டம் மெல்ல அதன் கைக்குப் போகும். யார் வெல்வார் என்று வற்புறுத்திக் கேட்டால், லான்ஸ் அரங்கில் நடக்கும்போது லான்ஸ் என்றே சொல்வேன். அது கணிதத்தால் வந்த விடை அன்று. மேலே இவ்வளவு நேரம் சொல்லி வந்த காரணங்களால் வந்த விடை.

அரங்கத்தின் பார்வையாளர்களையும் கவனியுங்கள். மற்ற ஊர்களில் ஆரவாரம் மிகுந்த ரசிகர்கள் கோல் கம்பங்களுக்குப் பின்னே கூடுவார்கள். லான்ஸில் அவர்கள் மாரெக் என்னும் பக்கவாட்டுப் படிக்கட்டில், களத்தின் நீளம் முழுவதற்கும் நிற்கிறார்கள். ஓரத்தில் ஓடும் ஆட்டக்காரன் அவர்களுடைய குரலின் கரையோரமாகவே ஓட வேண்டும். 1974 டிசம்பரில் பக்கத்து லியேவன் சுரங்கத்தில் 42 பேர் மாண்டபோது வளர்ந்த மனிதர்களாயிருந்தவர்கள் சிலர் இன்னும் அங்கே வந்து உட்காருகிறார்கள். அந்தப் பிரதேசத்தின் கடைசிச் சுரங்கம் 1990 டிசம்பரில் மூடப்பட்டது. முப்பது வயதுக்கு உட்பட்ட எந்த ரசிகனும் சுரங்கம் இயங்கிப் பார்த்ததில்லை. ஆயினும் அவன் தன்னைச் சுரங்கக்காரனின் வம்சம் என்றே சொல்லிக்கொள்கிறான். அப்படிச் சொல்லிக்கொள்வதற்கு அவனுக்கு ஊரில் மிஞ்சியிருக்கும் பெரிய இடம் அந்த அரங்கம்தான்.

பியேர் பாஷ்லே என்னும் பாடகர் 1982-இல் 'லெ கோரோன்' என்று ஒரு பாட்டு வெளியிட்டார். சுரங்கக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளையொருவன் தன் தகப்பனையும் வீட்டையும் நிலத்தையும் நினைத்துப் பாடும் பாட்டு அது. லான்ஸ் அரங்கத்தில் இடைவேளை முடிந்து ஆட்டக்காரர்கள் மறுபடியும் களத்துக்கு வரும் வேளையில், கழுத்துத்துணிகளை இரு கைகளாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு, 38,000 பேரும் ஒரே குரலாக அதைப் பாடுகிறார்கள். அது போர்ப்பாட்டு அன்று. தாலாட்டைப் போல மெதுவாக நடப்பது. எதிரணி அதைக் கேட்டுக்கொண்டேதான் தன் இடத்துக்கு நடந்து போக வேண்டும். பாரிஸுக்கு எதிரான மூன்றாம் கோல் விழுந்தது அந்தப் பாட்டு முடிந்த சற்று நேரத்தில்தான்.

ஆகையால், அடுத்த முறை லான்ஸ் நகரத்தில் டெர்பி நடக்கும்போது, காப்பி கலப்பதற்கோ முகம் கழுவுவதற்கோ எழுந்து போக வேண்டியிருந்தால் முதல் பாதியின் நடுவிலேயே போய்வந்துவிடுங்கள். இடைவேளை முடியும் அந்த இரண்டு நிமிஷம் மட்டும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, சத்தத்தைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.